ஐந்து நாள் மலேசியா: கடைக்காரர் போடவேண்டிய கணக்கு

கடைக்காரர் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எழும் பேச்சு இது. "எல்லாரும் சிங்கப்பூர், மலேசியா என்று போய் வருகிறார்கள். நாம் திருச்செந்தூரைத் தாண்டவில்லை" என்று வீட்டில் சொல்வார்கள். "சீசன் முடியட்டும், பார்ப்போம்" என்பார் முதலாளி. ஒரு சீசன் முடிந்ததும் அடுத்த சீசன் வந்து நிற்கும். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விடுவார்கள். பேச்சு பேச்சாகவே நின்றுவிடும்.

பணம் இல்லாததால் நின்றுபோன பயணங்கள் நம்மிடையே குறைவு. கடையை யார் பார்ப்பது என்ற கேள்வியால் நின்றுபோனவையே அதிகம். ஆகவே வியாபாரியின் வெளிநாட்டுப் பயணத் திட்டம் விமான டிக்கெட்டில் தொடங்கக்கூடாது. கல்லாவில் தொடங்கவேண்டும். தேதி, கடை ஏற்பாடு, செலவு, பிறகே இடம் என்ற வரிசையில் யோசித்தால் ஐந்து நாள் மலேசியா நம்மில் பெரும்பாலோருக்கு எட்டக்கூடியதே.

ஏன் மலேசியா?

முதல் காரணம் தூரம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. சென்னைக்கு ரயிலில் போவதைவிடக் குறைந்த நேரம்தான்.

இரண்டாவது, விசா. இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்ற சலுகையை மலேசிய அரசு 2023 டிசம்பர் 1-ல் தொடங்கியது. அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. டிக்கெட் போடுமுன் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளவேண்டும்.

மூன்றாவது, மொழி. மலேசியாவில் அரசு உதவியோடு நடக்கும் தமிழ்த் தொடக்கப் பள்ளிகளே 500-க்கு மேல் உள்ளன. ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் தமிழைக் கொண்டு ஐந்து நாளை ஓட்டிவிடலாம். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

முதலில் தேதி

எந்த வாரம் போவது என்பதை ஏஜெண்ட் சொல்லக்கூடாது, நம் பேரேடு சொல்லவேண்டும். கடந்த இரண்டு ஆண்டு விற்பனையை வாரவாரியாக எழுதிப் பாருங்கள். மந்தமான வாரம் தானாகத் தெரியும்.

கன்னியாகுமரியில் கடை வைத்திருப்பவர்களுக்கு நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர் கூட்டம், ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைக் கூட்டம். அவர்கள் பிப்ரவரியையோ ஜூன் பிற்பகுதியையோ பார்க்கலாம். ஜவுளிக்கடைக்கு ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசையாக வேலை இருக்கும். முகூர்த்தம் குறைந்த பங்குனி அவர்களுக்கு ஏற்றது. நோட்டுப் புத்தகக் கடைக்காரர் ஜூன், ஜூலையைத் தொடவே கூடாது. பலசரக்கு மொத்த வியாபாரிக்கு ஓணச் சரக்கு போய்த் தீர்ந்த அடுத்த வாரம் சற்று மூச்சு விடும் நேரம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் காலாண்டுத் தேர்வு விடுமுறையையும் ஒட்டிப் பார்க்கவேண்டும்.

மாதத்துக்குள் எந்தத் தேதி? மாதந்தோறும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 11-ம் தேதி விற்பனை விவரம், 20-ம் தேதி வரி. மாதக் கடைசியில் சம்பளமும் வாடகையும். எனவே 21-லிருந்து 27 வரை உள்ள வாரமே நமக்கு உகந்தது. சனிக்கிழமை கடை அடைத்து இரவு புறப்பட்டால், ஞாயிறு விடுமுறை விடும் கடைகளுக்கு வேலைநாள் ஒன்று மிச்சம்.

அங்குள்ள நாட்காட்டியையும் பார்க்கவேண்டும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயங்களில் பல கடைகள் அடைத்திருக்கும், அறை வாடகையும் ஏறும். தைப்பூசத்தன்று பத்துமலையில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். நேர்த்திக்கடன் இருப்பவர்கள் அதற்கென்றே போகலாம். சிறு பிள்ளைகளோடு சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. மழை ஆண்டு முழுவதும் உண்டு. பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் கரைத் தீவுகளில் பருவமழையும் கடல் கொந்தளிப்பும் இருப்பதால் அந்தப் பக்கம் திட்டம் போடவேண்டாம்.

கடை அடைத்தால் எவ்வளவு நஷ்டம்?

"தினம் இருபதாயிரம் வியாபாரம், ஐந்து நாளில் ஒரு லட்சம் போய்விடுமே" என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. இது தவறான கணக்கு. போவது விற்பனை அல்ல, அதில் கிடைக்கும் லாபம் மட்டுமே. உதாரணத்துக்கு, 20,000 ரூபாய் விற்பனையில் 12 சதவீதம் லாபம் என்றால் நாளுக்கு 2,400 ரூபாய். ஐந்து நாளுக்கு 12,000. வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுக்கவேண்டியவை. பாதி விற்பனையோடு கடை திறந்திருந்தால் இழப்பு 6,000.

ஆக, அடைப்பதா திறப்பதா என்ற கேள்வியின் மதிப்பு இந்த உதாரணத்தில் 6,000 ரூபாய்தான். இந்த ஆறாயிரத்துக்காக நம்பகமில்லாத ஆளிடம் சாவியைக் கொடுப்பதா என்பதை அவரவர் முடிவு செய்யலாம். தகுந்த ஆள் இல்லையென்றால் அடைத்துவிட்டுப் போவதே மேல். பத்து நாளுக்கு முன்பே போர்டு எழுதி வைத்து, வாடிக்கையாளரிடம் நேரில் சொல்லி, பால், ரொட்டி, காய்கறி வரத்தை நிறுத்திவிட்டால் போதும். மொத்த வியாபாரிக்கு இன்னொரு வசதி உண்டு. சில்லறைக் கடைகளுக்கு முன்கூட்டித் தெரிவித்தால் ஒரு வாரச் சரக்கை முன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். வியாபாரம் போகாது, நாள்தான் மாறும்.

ஒப்படைக்கும் முறை

கடையைத் திறந்து வைத்துப் போகிறவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவேண்டும்.

1. கல்லா ஒருவர் கையில், சரக்கு இன்னொருவர் கையில் இருக்கட்டும். இரண்டும் ஒரே ஆளிடம் வேண்டாம்.

2. புறப்படும் முன்தினம் விலை உயர்ந்த சரக்குகளை மட்டுமாவது எண்ணி எழுதி, இருவரும் கையெழுத்திடவேண்டும். சந்தேகத்தால் அல்ல, பின்னால் சந்தேகம் வராமல் இருக்க.

3. யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவ்வளவு வரை என்று பட்டியல் எழுதி வைக்கவேண்டும். பட்டியலில் இல்லாதவருக்குப் பற்று இல்லை.

4. அந்த வாரம் பாஸாகவேண்டிய செக்குகளுக்குப் பணம் வங்கியில் இருக்கவேண்டும். செக் திரும்பிவிட்டால் ஐந்து நாள் உல்லாசத்துக்கு ஐந்து மாதம் அலைய நேரும்.

5. தினசரி வசூல் அன்றன்றே வங்கிக்குப் போகவேண்டும். கியூ.ஆர். அட்டை நம் கணக்குக்குரியதுதானா, யாரும் மாற்றி ஒட்டவில்லையா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

6. வங்கி, ஜி.எஸ்.டி. ஓ.டி.பி. எண்கள் நம் செல்போனுக்கே வரும். ஆகவே சிம்மில் ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே வாங்கிவிடவேண்டும். ஓ.டி.பி.யைப் போனில் பிறருக்குச் சொல்லும் வழக்கம் வேண்டாம்.

7. கடைக்குத் தீ, திருட்டுக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா, தவணை தேதி என்ன என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஒத்திகை அவசியம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, இரண்டு வேலைநாள் கடைப்பக்கம் போகாமல் இருந்து பாருங்கள். எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே ஒப்படைப்புப் பட்டியல். முதலாளி திடீரென்று நோய்வாய்ப்பட்டுப் படுத்தாலும் இதே பட்டியல் கைகொடுக்கும். ஐந்து நாள் முதலாளி இல்லாமல் ஓடத் தெரியாத கடை எப்போதுமே ஆபத்தில் இருக்கும் கடை.

பேக்கேஜா, தனியாகவா?

முதல் தடவை போகிறவர்களும் பெரியவர்களோடு போகிறவர்களும் பேக்கேஜில் போவது வசதி. ஆனால் கொள்முதல் செய்வதுபோல நான்கு இடத்தில் விலை கேட்கவேண்டும். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுவது உதவாது. எத்தனை வேளைச் சாப்பாடு, ஹோட்டல் எந்தப் பகுதியில், பெட்டி எத்தனை கிலோ, நுழைவுக் கட்டணங்கள் சேருமா, வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என்ற சுற்றுலா வரி சேருமா என்று எழுத்தில் வாங்கவேண்டும். முன்பணத்துக்கு ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீது கேளுங்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் அதிலுள்ள பி.என்.ஆர். எண்ணை விமான நிறுவனத்திடமே சரிபாருங்கள். ஏஜெண்ட் தெரிந்தவர் என்பதற்காக இதை விட்டுவிடக்கூடாது.

பேக்கேஜ் வண்டி சாக்லேட் கடை, தலையணைக் கடை, நகைக்கடை என்று நிறுத்தி நிறுத்திப் போகும். கமிஷன் எப்படி நடக்கிறது என்று வியாபாரிகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த நிறுத்தங்கள் எத்தனை என்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு நகருக்குள் ரயில் வசதி நன்றாக உள்ளது. விமான நிலையம் நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி சிப்பாங்கில் இருக்கிறது. அதிவேக ரயில் சுமார் அரைமணியில் கே.எல். சென்ட்ரலில் சேர்க்கும். நான்கு பேராக இருந்தால் கிராப் வாடகைக் கார் மலிவாகும்.

காகிதங்கள்

பாஸ்போர்ட்டுக்கு, போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது ஆயுள் இருக்கவேண்டும். மலேசியா சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் மின்னணு வருகை அட்டை நிரப்பவேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு ஆகியவற்றைக் காகிதத்தில் எடுத்துச் செல்லுங்கள். விசா இல்லை என்பதால் கேள்வி இல்லை என்று அர்த்தமல்ல. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அதிகாரிகள் திருப்பி அனுப்பும் உரிமை உண்டு.

பணமும் வரியும்

ஒரு ரிங்கிட் நம் பணத்தில் 20 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளவும். அனுமதி பெற்ற நாணய மாற்று நிறுவனத்தில் கொஞ்சம் ரிங்கிட், மீதி வெளிநாட்டுப் பண அட்டையில் என்று கொண்டுபோவது நல்லது. விமான நிலையக் கவுண்டர்களில் விலை கட்டாது. சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் நாணய மாற்றுக்கென்று தனிக் கட்டணம் விழும். நம் ஊர் கியூ.ஆர். பழக்கத்தை நம்பி வெறுங்கையோடு போகவேண்டாம்.

வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஏஜெண்ட் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார். 2020 அக்டோபர் 1 முதல் இது உள்ளது. விகிதம் பலமுறை மாறியிருப்பதால் பணம் கட்டும் நாளில் உள்ள விகிதத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள். இது போய்விட்ட பணமல்ல. நம் பான் எண்ணில் வரவாகி, வருமான வரியில் கழியும். பான் எண்ணைத் தவறாகக் கொடுத்தால்தான் நஷ்டம். மேலும், ஓர் ஆண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தவர், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டும். குடும்பப் பயணத்தைக் கடைச் செலவாக எழுதுவதும் கூடாது. அது முதலாளியின் சொந்தப் பற்று.

திரும்பும்போது சுங்கம். வீட்டு உபயோகப் பொருளுக்கு ஒரு வரம்பு வரை வரி இல்லை. ஒரே பொருளை டஜன் கணக்கில் கொண்டுவந்தால் அது வியாபாரச் சரக்காகிவிடும். வரிச்சலுகை அதற்கு இல்லை. தங்க நகைக்கான சலுகை வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கியவர்களுக்கு மட்டுமே. ஐந்து நாள் போய் வருகிறவருக்கு ஒரு கிராமுக்கும் கிடையாது. இங்கிருந்து அணிந்து செல்லும் நகைகளுக்குப் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் சான்று பெறலாம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.

எதைப் பார்ப்பது?

மலேசியச் சாலையோரம் முழுக்க ரப்பரும் எண்ணெய்ப் பனையும்தான். நம் கடைகளில் விற்கும் பாமாயிலின் பிறப்பிடங்களில் ஒன்று அது. ஆனால் குலசேகரம், அருமனைப் பக்கத்துக்காரர்கள் ரப்பர் பார்க்க விமானம் ஏறவேண்டியதில்லை. முட்டமும் சொத்தவிளையும் இருக்கக் கடற்கரைக்காகவும் போகவேண்டாம். நம்மிடம் இல்லாததைப் பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால் திட்டம் எளிதாகும்.

முதல் நாள் அதிகம் அலையாமல், மாலையில் 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பாருங்கள். மேலே ஏற முன்பதிவு தேவை.

இரண்டாம் நாள் காலை வெயிலேறுமுன் பத்துமலை. கே.எல். சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில் உண்டு. 272 படிகள். அடிவாரத்தில் 2006-ல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலை. குரங்குகளிடம் கைப்பையைக் காக்கவேண்டும். திரும்பி வந்து 1873-ல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில், பிறகு மஸ்ஜித் இந்தியா சாலை, பிரிக்பீல்ட்ஸ். ஜவுளி, மசாலா, பூக்கடை என்று நம்மவர் நடத்தும் வியாபாரத்தை அங்கே பார்க்கலாம். சரக்கை அடுக்கும் விதம், விலைச்சீட்டு, வாடிக்கையாளரை நிற்கவைக்கும் விதம் ஆகியவற்றைக் கவனித்தால் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு திரும்பி வந்த மாதிரி.

மூன்றாம் நாள் மலாக்கா. பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். 1511-ல் போர்த்துக்கீசியரும் 1641-ல் டச்சுக்காரரும் பிடித்த பழைய துறைமுகம். நம் மாவட்டத்தாருக்கு இங்கே தனிப்பட்ட சம்பந்தம் ஒன்று உண்டு. 1544-ல் நம் கடற்கரை ஊர்களில் பணியாற்றிய, கோட்டாற்றுப் பேராலயத்தின் பெயருக்குரிய புனித சவேரியார் அடுத்த ஆண்டே மலாக்கா சென்றார். 1552-ல் சீனக் கரையருகே இறந்தபின் அவர் உடல் கோவாவுக்குப் போகுமுன் 1553-ல் சில மாதங்கள் மலாக்காக் குன்றின் மேலுள்ள புனித பவுல் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அந்த வெற்றுக் கல்லறையை இன்றும் காணலாம். கோட்டாற்றுத் திருவிழாக் கடைகளில் எந்த மதத்துக்காரருக்கும் பங்கு உண்டு என்பதால் இது நம் எல்லாருக்கும் உரிய செய்தி.

நான்காம் நாள் கெந்திங் மலை. கேபிள் காரும் குளிரும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சூதாட்டக் கூடத்துப் பக்கம் மட்டும் முதலாளிமார் போகாதிருப்பது குடும்பத்துக்கு நல்லது. ஐந்தாம் நாள் பெட்டி கட்டவும் சில்லறை வாங்கவும். பினாங்கையும் இதற்குள் திணிக்கவேண்டாம். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் அருமையான இடம்தான். ஆனால் ரயிலில் போகவே நான்கு மணி நேரத்துக்கு மேல். அதை விரும்புகிறவர்கள் மலாக்காவையும் கெந்திங்கையும் விட்டுவிட்டு அங்கே இரண்டு இரவு தங்கலாம்.

சாப்பாடு, மருந்து, சட்டம்

வாழையிலைச் சாப்பாடு, தோசை, ரொட்டி சானாய் எங்கும் கிடைக்கும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகள் பல இரவும் பகலும் திறந்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவேண்டியது பெலாச்சான் என்னும் இறால் விழுது. காய்கறிப் பதார்த்தத்திலும் சம்பலிலும் அது கலந்திருக்கும். கேட்டுச் சாப்பிடவும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவு பல மாத லாபத்தைக் கரைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. "அங்கே நம்ம பையன் இருக்கிறான், இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று தெரிந்தவர் தந்தாலும் வாங்கவேண்டாம். போதைப்பொருள் குற்றத்துக்கு மலேசியச் சட்டம் மிகக் கடுமையானது. பெட்டி யாருடையதோ, குற்றமும் அவருடையதாகவே எடுத்துக்கொள்ளப்படும். பெட்டியை நாமே அடுக்கி, நாமே பூட்டவேண்டும்.

இவ்வளவு முன்யோசனை ஐந்து நாளுக்குத் தேவையா என்று கேட்கலாம். பெரிய கொள்முதலுக்குப் போகும்போது இதைவிட அதிகமாகவே யோசிக்கிறோம். இந்த ஆண்டுக் காலண்டரில் ஒரு மந்தமான வாரத்தை இன்றே சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வட்டமிட்ட தேதியை வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட பிறகு கடை ஏற்பாடுகள் தாமாக நடக்கத் தொடங்கும்.